முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே ஊர்

எங்கள் அலுவலகம் ஆண்டுக்கு ஒரு முறை சிறு மலர் ஒன்று வெளியிடும். அதில் யாராவது ஓர் ஊழியரின் வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம் வரும். இந்த ஆண்டு என் ஓரகத்தியைப் பற்றி வர வேண்டுமாம். என் கணவருடைய தம்பியின் மனைவி அவள். வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்பார்கள், என்னைப் பெரியவள் என்பார்கள். ஒரே வீடு, ஒரே அலுவலகம். "நீங்கதானே அவங்க வீட்டாள், உங்களை விட்டா வேற யாரு எழுதுவா?" என்று மேலாளர் ஒரு வெள்ளைத் தாளை என் மேசையில் வைத்தார். கதவு வரை போய்த் திரும்பி, "சுருக்கமா எழுதுங்க" என்றார். எதற்கும் அதைத்தான் சொல்வார். அவருக்குச் சுருக்கம் என்றே பெயர், அது அவருக்கு மட்டும் தெரியாது.

எனக்குச் சுருக்கமாக எழுத வரவில்லை. அவளைப் பற்றி ஒரு வரி எழுதினால் அடுத்த வரியில் என் வயிற்றெரிச்சல் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. இரண்டையும் பிரித்து எழுத மூன்று நாள் முயன்று பார்த்தேன், முடியவில்லை. ஆகவே சேர்த்தே எழுதுகிறேன்.

சின்னவளுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. அவள் அப்பா பாலம் கட்டும் இடங்களில் வெல்டராக இருந்தவர். ஒரு பாலம் முடிந்தால் குடும்பம் மூட்டையைக் கட்டும். ஆற்றங்கரைகளில் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில்தான் வளர்ந்தாள். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஏழு பள்ளிக்கூடம் மாறியிருக்கிறாள். "உனக்கு எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால், "இப்பவா, முன்னாடியா?" என்று திருப்பிக் கேட்பாள். ஏழு முறை புது வகுப்பு வாசலில் போய் நின்றவள் என்பதால், எந்த இடத்துக்குப் போனாலும் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பதை ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்துவிடுவாள். எனக்கு அதற்கு இரண்டு வருடம் ஆகும்.

பள்ளி முடித்ததும் ஒரு ஃபோன் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தாள். முதலில் ரசீது எழுதினாள், பிறகு திருப்புளியைக் கையில் எடுத்தாள், அதன் பிறகு மாலை வகுப்பில் கணினி நிரல் எழுதப் படித்தாள். அந்தக் கடையில்தான் என் கொழுந்தன் அவளைப் பார்த்தது. ஒரே மாதத்தில் மூன்று முறை ஃபோனைக் கீழே போட்டு உடைத்துக்கொண்டு போனான். மூன்றாவது முறை அது தானாக விழுந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றுகிறான்.

ஆறு வருடத்துக்கு முன் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் ஒன்பது வருடம் அந்த வீட்டுக்கு ஒரே மருமகள் நான். அந்த ஒன்பது வருடத்தில் என் மாமியார் நான் சொன்ன ஒரு நகைச்சுவைக்கும் சிரித்ததில்லை. வந்த நான்காம் நாள் சின்னவள் ஏதோ சொன்னாள், மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் அப்போது குளியலறையில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். என்ன சிரிப்பு என்று போய்க் கேட்கவும் மனம் வரவில்லை.

அவளிடம் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். எந்த டப்பாவைத் திறந்தாலும் மூட மாட்டாள். சர்க்கரை, சோப்புத்தூள், பற்பசை எல்லாமே திறந்தபடி கிடக்கும், பின்னாலேயே போய் மூடுவது நான். நினைவில் வைக்க வேண்டியதை எல்லாம் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். பிறகு அந்தக் கையோடு மாவு பிசைவாள். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மை கரையாதுக்கா, நல்ல பேனா" என்றாள்.

இனி அலுவலகத்துக்கு வருகிறேன். எங்கள் நிறுவனம் இணையத்தில் தேர்வு நடத்துகிறது. மருந்துக் கிடங்குப் பராமரிப்பு, சரக்கு இருப்பு, கட்டடப் பாதுகாப்பு என்று பதினாறு வகைச் சான்றிதழ். தேர்வர்கள் தங்கள் வீட்டிலிருந்தே எழுதலாம். அப்படியென்றால் தங்களுக்குப் பதில் விவரம் தெரிந்த வேறொருவரை எங்கோ ஓர் ஊரில் உட்கார வைத்தும் எழுதலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. இணையத்துக்குள் வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். இடம் தேடும் கருவி ஒன்றில் அதைப் போட்டால் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று ஏறக்குறையச் சொல்லும். தெருவைச் சொல்லாது, ஊரைச் சொல்லும். தேர்வர் பதிவு செய்த ஊரும் கருவி சொல்லும் ஊரும் ஒத்துப்போகாவிட்டால் முடிவை நிறுத்தி வைத்து விசாரிப்போம்.

பதினோரு வருடமாக அதைச் செய்தவள் நான். எண்ணைப் பிரதி எடுத்து, கருவியில் ஒட்டி, ஊரைப் பார்த்து, அட்டவணையில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு. நாளாக நாளாக எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தாலே பாதி ஊர்கள் எனக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் எனக்குப் பூகோளம் என்று பெயர் வைத்தார்கள். "பூகோளம், இது எந்த ஊரு?" என்று மேசைக்கு மேசை எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். நான் தலை நிமிராமல் சொல்வேன். சொந்தக் காலால் நான் போயிருப்பது மொத்தம் நான்கு ஊர்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். என் கழுத்தே போய்விட்டது. ராத்திரி தலையணை வைக்க முடியாது. "இதுக்கு ஏதாவது ஒரு வழி பண்ணுங்க சார்" என்று மேலாளரிடம் ஆறு வருடம் கேட்டேன். கடைசியில் வழி பிறந்தது. அது சின்னவள் கையால் பிறந்தது, என் தொல்லை அவ்வளவுதான். வேறு யார் செய்திருந்தாலும் அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

அவளை அந்த அலுவலகத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். மாமியார் மூன்று முறை சொன்ன பிறகு சேர்த்துவிட்டேன். சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் கடிதம் எழுத ஏற்கெனவே ஒரு ஏஐ உதவியாளரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். கேள்வியைத் தட்டினால் பதில் எழுதித் தரும். ஒரு நாள் என் பின்னால் வந்து நின்று நான் எண்களை ஒட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏன்க்கா, நீங்க கருவியைக் கேக்கறதுக்குப் பதிலா அந்த உதவியாளரே கேட்டுக்கக் கூடாதா?"

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"நாம இணைச்சு விட்டா தெரியும். இந்தக் கருவியை எப்போ கூப்பிடணும், என்ன குடுக்கணும், என்ன திரும்பி வரும்னு அதுக்குச் சொல்லி வெக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். பதினோரு வருடமாக என் கழுத்தை ஒடித்த வேலை அவளுக்கு அவ்வளவுதான்.

இரண்டு நாள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அட்டவணையில் எந்தக் கட்டத்தில் என்ன வரும், எந்த ஊரையெல்லாம் ஒரே ஊராக எடுத்துக்கொள்ள வேண்டும், எத்தனை தூரம் வரை பரவாயில்லை, எல்லாவற்றையும் கேட்டு முழங்கை வரை எழுதிக்கொண்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில், "வேற ஏதாவது இருக்காக்கா?" என்றாள்.

இருந்தது. தேர்வின் நடுவில் இணைப்பு அறுந்து மறுபடி நுழைந்தவர்களுக்கு மட்டும் எங்கள் அட்டவணையில் முகவரிக் கட்டம் காலியாக வரும். ரொம்ப நாளாக இருக்கும் கோளாறு. அப்படிக் காலியாக இருப்பவர்களை நான் தனியாக ஒதுக்கி, நுழைவுப் பதிவேட்டைத் திறந்து, அவர்கள் முதலில் நுழைந்தபோது இருந்த முகவரியை எடுத்துப் போடுவேன். எந்தக் கையேட்டிலும் இது எழுதியிருக்கவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அவ்ளோதான்" என்றேன்.

மூன்றே வாரத்தில் முடித்துவிட்டாள். ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். மேலாளர் உட்கார்ந்து, இந்த வாரம் பதிவு செய்த ஊரில் இல்லாமல் வேறு ஊரிலிருந்து எழுதியவர்கள் யார் யார் என்று தட்டினார். உதவியாளர் தானே கருவியிடம் ஆயிரத்துச் சொச்சம் முகவரிகளைக் கேட்டு, தேநீர் ஆறுவதற்குள் பட்டியலைக் கொடுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

"பூகோளம், இனி உங்களுக்கு ஓய்வு" என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவனை அன்று முழுவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கொழுந்தன் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. என் கணவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே, "பரவால்லையே, உன் வேலையெல்லாம் ஒரே நாள்ல முடிச்சுட்டாளாமே. உன் கழுத்துக்கு நல்லதாச்சு" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவரிடம் ராத்திரி வரை பேசவில்லை.

"என்னடி, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று மாமியார் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தை, தலைவலி" என்றேன்.

சின்னவள் உடனே எழுந்து போய்த் தைலம் எடுத்து வந்தாள். தடவிவிட்டு வழக்கம்போல மூடியைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாள் செவ்வாய். காலையில் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், புதன்கிழமை காலை உதவியாளர் தானாகவே முடிவு நிறுத்தப்பட்டதாகத் தேர்வர்களுக்குக் கடிதங்களை அனுப்பிவிடும். மொத்தம் நாற்பத்தாறு பேர். எட்டுப் பேர் எட்டு ஊர். மீதி முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே ஊர், வடகோடியில் உள்ள ஒரு துறைமுகம்.

எனக்கு அந்த ஊரைத் தெரியும். அதாவது அந்த ஊர் எண்களைத் தெரியும். அங்கே ஆள் இருப்பதைவிடக் கணினி அதிகம். வரிசை வரிசையாகக் கணினிகளை அடுக்கி வைத்து வாடகைக்கு விடும் பெரிய கொட்டகைகள் இருக்கும் ஊர் அது. முப்பத்தெட்டுப் பேர் ஒரே வாரத்தில் அங்கே போய் உட்கார்ந்து மருந்துக் கிடங்குத் தேர்வு எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. அந்த முப்பத்தெட்டு வரிகளையும் மூல அட்டவணையில் தேடினேன். முப்பத்தெட்டிலும் முகவரிக் கட்டம் காலி.

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைப் புரிந்துகொள்ள உதவியாளரைத் திறந்து, "நான் இப்போது எந்த ஊரில் இருக்கிறேன்?" என்று தட்டினேன். மூன்றாவது மாடி, எப்போதும் தரைக்குக் கையகலம் கீழே நிற்கும் லிஃப்ட், அதற்குப் பக்கத்தில் என் மேசை. அங்கேதான் இருந்தேன். உதவியாளர் கொஞ்சமும் தயங்காமல், நான் வடகோடித் துறைமுகத்தில் இருப்பதாகச் சொன்னது.

விஷயம் இதுதான். அந்தக் கருவிக்கு ஒரு பழக்கம் உண்டு. முகவரி எதுவும் கொடுக்காமல் வெறுமனே கேட்டால், கேட்கிறவர் எங்கே இருக்கிறாரோ அந்த ஊரைச் சொல்லும். நான் கேட்டால் என் ஊர். இப்போது கேட்பது நான் இல்லை, உதவியாளர். உதவியாளர் ஓடுவது அந்தத் துறைமுகத்துக் கொட்டகைக் கணினி ஒன்றில். கட்டம் காலியாக இருந்த ஒவ்வொரு தேர்வருக்கும் அது தன் ஊரையே எழுதி வைத்திருக்கிறது.

நான் சிரித்துவிட்டேன். பதினோரு வருடத்தில் அந்த மேசையில் அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. லிஃப்டிலிருந்து வெளியே வந்தவர் திரும்பிப் பார்த்தார். வசமாக மாட்டினாள் என்று நினைத்தேன். கடிதம் போகும், முப்பத்தெட்டுப் பேரும் சண்டைக்கு வருவார்கள், மேலாளர் அவளைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கேட்பார், அவள் மூக்கு உடையும். அதன் பிறகு எல்லோரும் என் மேசைக்கு வருவார்கள். நான் தலை நிமிராமல் சொல்வேன். இதையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துச் சுவைத்துவிட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை கடிதங்கள் போயின. அன்று ஒன்றும் நடக்கவில்லை. சின்னவள் மதியம் தன் சாப்பாட்டில் பாதியை என் தட்டில் வைத்தாள். சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு தொலைபேசி வந்தது. ஒரு மருந்துக் கடையில் வேலை செய்யும் பெண். மருத்துவமனைக் கிடங்கில் பொறுப்பாளர் வேலை அவளுக்கு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது, எங்கள் சான்றிதழை அன்று மாலை ஐந்து மணிக்குள் காட்ட வேண்டும். தேர்வு எழுதியாகிவிட்டது, முடிவு மட்டும் நின்றுபோயிருக்கிறது.

"மேடம், நான் அந்த ஊர்ல இருந்து எழுதினதா கடிதத்துல போட்டிருக்கீங்க. நான் கடலையே பார்த்ததில்ல. எங்க வீட்டுச் சமையல் மேசையில உக்காந்துதான் எழுதினேன். நடுவுல ஒருமுறை இணைப்பு போச்சு, மறுபடி வந்துச்சு. வேற ஒண்ணும் நடக்கல."

"விசாரணையில இருக்குங்க" என்றேன்.

"அஞ்சு மணிக்குள்ள முடியுமா மேடம்?"

"பார்க்கிறோம்."

அவள் பெயரை ஒரு சீட்டில் எழுதி வைத்தேன். நுழைவுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. முதலில் நுழைந்த முகவரி அவள் ஊர்தான். எனக்கு வேலை மொத்தம் இரண்டு நிமிடம். சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து சின்னவளின் மேசைக்கு நடந்தேன். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என் வயிற்றெரிச்சலாலும் முடியாது என்று எனக்கே தோன்றிவிட்டது.

அவள் மேசையைச் சுற்றிக் கூட்டம். தலைமை அலுவலகத்திலிருந்து நாலு பேர் அவள் செய்ததைப் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு வாரம் முன்பு அவளை ஜன்னல் பக்கம் மாற்றியிருந்தார்கள், வெயில் அவள் புறங்கை எழுத்துகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மேலாளர் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "எங்க பிரிவோட மூளையே இவங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, இவங்க முன்னாடி இதைக் கையால செஞ்சிட்டிருந்தாங்க" என்று அவர்களிடம் காட்டினார். நாலு பேரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஏதோ பழைய தையல் இயந்திரத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது.

சின்னவள் மட்டும், "என்னக்கா, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அப்புறம்" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஐந்து மணி அடித்தபோது கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அந்தப் பெண்ணே மறுபடி கூப்பிட்டாள். கத்தப் போகிறாள் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"மேடம், இனி அவசரமில்ல. அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. "ஆனா எங்க கடை முதலாளி கடிதத்தைப் பார்த்துட்டாரு. நான் ஆள் வெச்சு எழுதினேன்னு நினைக்கிறாரு. நான் ஏமாத்தலைன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுக்க முடியுமா? நிதானமா குடுத்தாப் போதும்."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதை வேறு எந்த வார்த்தையால் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு நேராகச் சின்னவளிடம் போய் நின்றேன்.

"கட்டம் காலியா இருந்தா, அது தன் ஊரையே எழுதிடுது" என்றேன். "துறைமுகம்னு வந்த முப்பத்தெட்டுப் பேரும் ஏமாத்தல. நுழைவுப் பதிவேட்டுல அவங்க சொந்த முகவரி இருக்கு."

அவள் பட்டியலைத் திறந்தாள். பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னாள். உடனே விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். காலியாக இருந்தால் கருவியைக் கூப்பிடாதே, நுழைவுப் பதிவேட்டைப் பார், அங்கேயும் இல்லாவிட்டால் தெரியவில்லை என்று சொல் என உதவியாளருக்கு எழுதி வைத்தாள். பத்து நிமிட வேலை. பிறகு நாங்கள் இருவரும் ஆளுக்குப் பத்தொன்பது பேராகப் பிரித்துக்கொண்டு, முப்பத்தெட்டுப் பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். மருந்துக் கடைப் பெண்ணை நானே வைத்துக்கொண்டேன். ஒரு வரி கேட்டவளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அவளுக்குப் போன வேலை போனதுதான்.

மேலாளர் சின்னவளைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால்தான் கேட்டார். செவ்வாய்க்கிழமை நான் நினைத்துச் சுவைத்த அதே காட்சி. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தப்பு என்னோடதுதான் சார். காலியா இருந்தா என்ன ஆகும்னு நான் சோதிச்சுப் பார்த்திருக்கணும்" என்றாள். நான் அவளிடம் அவ்ளோதான் என்று சொன்னதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. நடந்ததைத் திங்கட்கிழமைக்குள் ஒரு படிவத்தில் எழுதித் தரும்படி மேலாளர் அவளிடம் சொன்னார்.

சனிக்கிழமை வீட்டு மொட்டை மாடியில் இருவரும் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். அவள் ஒரு போர்வையின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள், நான் மறுமுனையை.

"படிவத்துக்காக உதவியாளரோட பதிவுகளை எல்லாம் பார்த்தேன்க்கா" என்றாள். "யாரு எப்போ என்ன கேட்டாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும்."

நான் என் முனையை முறுக்கிப் பிழிந்தேன்.

"செவ்வாய்க்கிழமை பதினொண்ணு இருபதுக்கு நீங்க அதுகிட்ட 'நான் எந்த ஊர்ல இருக்கேன்'னு கேட்டிருக்கீங்க."

போர்வையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டியது. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். சும்மா கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்புவதுபோல் நடித்திருப்பாள்.

"ஆமா" என்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா கடிதமே போயிருக்காது."

"ஆமா."

"ஏன்க்கா?"

"உன்னைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்றேன். "ஆறு வருஷமா இருக்கு."

அவள் போர்வையை உதறினாள். என் கையிலிருந்த முனை நழுவித் தரையில் விழுந்து அழுக்காயிற்று. அவள் அதை எடுத்து, திரும்ப அலச வேண்டும் என்று வாளியில் போட்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா இவ்வளவு தூரம் போவீங்கன்னு நினைக்கல." படியிறங்கிப் போய்விட்டாள். அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. சாப்பிடும்போது உப்பைக்கூட மாமியார் வழியாகத்தான் கேட்டாள்.

திங்கட்கிழமை படிவத்தைப் பார்த்தேன். என் மேசை வழியாகத்தான் மேலாளருக்குப் போனது. அதில் ஒரு கட்டம், 'தவறு முதலில் தெரியவந்த நாள்' என்று. சின்னவளின் சாய்ந்த கையெழுத்தில், வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தாள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"இது எனக்காகவா?"

"இல்ல" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாம ரெண்டு பேரும் தினமும் ஒரே மேசையில சாப்பிடணும்ல. அதுக்காக. அந்தப் பதிவை நான் அழிக்கல. கேட்டா காட்டுவேன். யாரும் கேக்கல."

மேலாளர் கேட்கவில்லைதான். படிவத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அனுபவம்னா அனுபவம்தான் பூகோளம்" என்று எல்லோர் முன்னாலும் கை குலுக்கினார். பின்வரிசைக்காரன் கை தட்டினான். பதினோரு வருடமாக நான் ஏங்கியது எதுவோ அது கிடைத்தது. சின்னவளும் கை தட்டினாள், போன திங்கட்கிழமை நான் தட்டியதைப்போலவே.

இப்போது அந்த உதவியாளர் ஒழுங்காக வேலை செய்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறது. மற்ற கிளைகளும் அவளிடம் கேட்டு அதே இணைப்பைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. என் கழுத்து குணமாகிவருகிறது. அவள் என்னோடு பேசுகிறாள், பழையபடி இல்லை, ஆனால் பேசுகிறாள். டப்பாக்களை இன்னும் மூடுவதில்லை. நானும் இன்னும் பின்னாலேயே போய் மூடுகிறேன். பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. வாய் திறந்தால் என்னைக் கவிழ்த்துவிடலாம் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாளே, அதற்கும் சேர்த்து இப்போது பொறாமையாக இருக்கிறது. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், மூன்று நாள்.

மலருக்கு ஒரு பக்கம்தான் இடம் என்று தெரியும். இத்தனையையும் போட முடியாது. ஆகவே மேலாளருக்கு, அவர் விரும்புகிறபடி சுருக்கமாக: படிவத்தில் வெள்ளிக்கிழமை என்று இருப்பதைச் செவ்வாய்க்கிழமை என்று திருத்திக்கொள்ளுங்கள். மருந்துக் கடைப் பெண்ணுக்கு வேலை போனது வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. நடுவில் இருந்த நேரம் சின்னவளுடையது இல்லை, என்னுடையது.